எடைமேடையில் 157 பவுண்டு குறைவு: ஸ்டாக் எலிமினேட்டர், அவசர உதவி

கும்பகோணத்தான்:
அவசரம். நாளைக் காலை டிராக் ரேஸில் (நேர்கோட்டு வேகப் பந்தயம்) ஸ்டாக் எலிமினேட்டர் பிரிவின் முதல் சுற்று. டெக் இன்ஸ்பெக்‌ஷனில் வண்டி குறைந்தபட்ச எடைக்கு 157 பவுண்டு குறைவு என்கிறார்கள். எங்கள் கணக்குப்படி எடை சரியாகத்தான் இருக்கிறது. எடைமேடையில்தான் கோளாறு என்று எப்படி நிரூபிப்பது? சின்ன பிளாக் செவ்ரலே, ஆட்டோமேட்டிக்.

ராயபுரம் ராஜா:
எந்த வருஷத்து கார்? எந்த வகுப்பு? என்.எச்.ஆர்.ஏ. (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) தானே? டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அவர் எதைப் பார்ப்பார்?

டீசல் மணி:
எடைமேடை சமதளத்தில் இருந்ததா என்று பாருங்கள். கொஞ்சம் சரிவாக இருந்தாலே எடை மாறும். என் அனுபவத்தில் பத்தில் எட்டுத் தடவை இதுதான்.

ராயபுரம் ராஜா:
157 பவுண்டு மாற வேண்டுமென்றால் அது சரிவு இல்லை மணி, மலை.

நெல்லை செல்வா:
ஆள் உட்கார்ந்து போட்ட எடையா? குறைந்தபட்ச எடையில் ஓட்டுநருக்கு என்று 170 பவுண்டு சேர்ப்பார்கள். அதை விட்டிருப்பீர்கள். 157-ம் 170-ம் கிட்டத்தட்ட ஒன்றுதானே. பெட்ரோல் டேங்க் காலியாக இருந்ததா?

கும்பகோணத்தான்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஒஹாயோ, என்.எச்.ஆர்.ஏ. ஸ்டாக். கார் என் மேனேஜரின் அப்பாவுடையது. நான் டயரில் காற்று பார்க்கிற ஆள், அவ்வளவுதான். பவுண்டுக்கு எச்.பி. 10.50 என்று தொடங்கும் வகுப்பு. 10.50 × 300 = 3150. அதோடு 170. மொத்தம் 3320. பெரியவரை உட்கார வைத்து, டேங்கை நிரப்பி எடை போட்டோம், மிகச் சரியாக 3320. ஏர் கிளீனர் மூடி ஸ்டிக்கரிலேயே 300 எச்.பி. என்று போட்டிருக்கிறது.

பழைய கார்புரேட்டர்:
ஸ்டிக்கரைப் பார்த்து வகுப்பு எடுத்திருக்கிறீர்கள். அருமை. முதலில், அது எச்.பி.க்கு எத்தனை பவுண்டு, நீங்கள் எழுதியது தலைகீழ். இரண்டாவது, 157-ஐ 10.5-ஆல் வகுங்கள். 15 வருகிறதா? அந்த எஞ்சினுக்கு அமைப்பு 315 என்று எண் போட்டிருக்கிறது. 10.50 × 315 = 3307.5, கூட 170. எடைமேடை ஒழுங்காகத்தான் இருக்கிறது. வகுப்புக் கையேட்டில் வருஷம், எஞ்சின், கார்புரேட்டர், வால்வு அளவு, கேம் லிஃப்ட் எல்லாம் வரிசையாக இருக்கும். அதே வரியில் இந்த எண்ணும் இருக்கும். அதைப் பார்க்காமல் டிரெய்லரில் வண்டியை ஏற்றுகிறவர்களுக்கு என்ன சொல்ல?

நெல்லை செல்வா:
ஐயா, சொன்னது சரி. சொன்ன விதம்தான்...

ராயபுரம் ராஜா:
தம்பி, உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. 157 பவுண்டு ஈயத்தைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும் (டிக்கியில் மணல் மூட்டை செல்லாது). இல்லையென்றால் இருக்கிற எடையோடு ஒரு எழுத்து மேலே (அடுத்த வகுப்புக்கு) போக வேண்டும். 3150-ஐ 315-ஆல் வகுத்தால் 10.00. அங்கே இன்டெக்ஸ் (வகுப்புக்கு நிர்ணயித்த நேரம்) இன்னும் வேகமாக இருக்கும், ஆனால் வண்டி லேசு. பெரியவர் முன்பு ஓடிய நேரம் என்ன?

கோவை டைனோ:
எனக்கு ஒன்று புரியவில்லை. டைனோவில் (எஞ்சின் பலம் அளக்கும் கருவி) ஏற்றி அளந்தால் உண்மையான எச்.பி. தெரிந்துவிடுமே? எதற்கு இந்தக் கையேடு?

பழைய கார்புரேட்டர்:
ஸ்டாக்கில் கேமைப் பொறுத்தவரை லிஃப்ட் (வால்வைத் தூக்கும் உயரம்) மட்டும்தான் கம்பெனி அளவில் இருக்க வேண்டும், டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) உங்கள் இஷ்டம். வால்வு சீட்டை நன்றாக வெட்டி, உரசலைக் குறைத்தால் எந்த 300-ம் 300-இல் நிற்காது. கையேட்டு எண் எஞ்சின் பலம் இல்லை, ஒன்றோடு ஒன்றை நிறுத்தும் எடைக்கல்.

ராயபுரம் ராஜா:
கம்பெனிகளும் யோக்கியம் இல்லை, பலத்தைக் குறைத்துச் சொன்னார்கள். 1968-இல் ஃபோர்டு 428 (கன அங்குல) கோப்ரா ஜெட்டுக்கு 335 எச்.பி. என்று போட்டது. அந்த வருஷம் பொமோனா விண்டர்நேஷனல்ஸில் சூப்பர் ஸ்டாக் பிரிவைத் தட்டிக்கொண்டு போனது. கிரைஸ்லர் 426 ஹெமி 425 என்றது. கேமரோ இசட்-28-இன் 302, வெறும் 290. யார் நம்புவது?

டீசல் மணி:
அதனால்தான் 1972 முதல் வந்த எஞ்சின்தான் லாபம் என்கிறேன். கார்வெட் எல்.டி.-1, 1971-இல் 330, அடுத்த வருஷம் 255. நெட் கணக்குக்கு (உதிரிகளெல்லாம் மாட்டி அளக்கும் முறை) மாறியதில் எண் குறைந்தது. ஒரே இரும்பு!

பழைய கார்புரேட்டர்:
மணி இதை எல்லா இழையிலும் சொல்வார். அமைப்பு 255-ஐ அப்படியே விட்டுவிடும் என்று யார் சொன்னது? இன்டெக்ஸுக்கு ரொம்பக் கீழே ஓடினால் எண்ணை ஏற்றத்தான் ஏ.எச்.எஃப்.எஸ். (எச்.பி. எண்ணைத் தானாகத் திருத்தும் முறை) இருக்கிறது.

நெல்லை செல்வா:
அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். எண் ஏறுவது ஆளுக்கு இல்லை, அந்த எஞ்சின் வகைக்கே. ஒருவன் முறுக்கினால் அதே எஞ்சின் வைத்திருக்கிற அத்தனை பேர் தலையிலும் விழும்.

ராயபுரம் ராஜா:
அதனால்தான் 1320 அடி ஓட்டத்தில் பலர் 1000 அடியில் காலை எடுத்து பிரேக் மிதிக்கிறார்கள். மீதி 320 அடி வெறும் உருட்டல். நேரப்பலகையில் ஒன்றும் தெரியாது. ஒரே வகுப்பு வண்டிகள் இரண்டு மோதினால்தான் மாட்டிக்கொள்வார்கள். ஹேண்டிகேப்பும் (மெதுவான வண்டியை முன்னதாக விடுவது) இல்லை, பிரேக்-அவுட்டும் (குறித்த நேரத்தைவிட வேகமாக ஓடினால் தோல்வி) இல்லை, முழுசாக ஓட்டியே ஆக வேண்டும்.

கோவை டைனோ:
நுணலும் தன் வாயால் கெடும்!

டீசல் மணி:
பிரேக் மிதிப்பது ஏமாற்று வேலை இல்லையா?

நெல்லை செல்வா:
டயல்-இன் (ஓடப்போகும் நேரத்தை முன்பே குறிப்பது) போட்டு ஓடுகிற ஆட்டத்தில் பிரேக் மிதிப்பதும் ஆட்டம்தான் அண்ணா. 2008 முதல் புதிய கோப்ரா ஜெட், டிராக் பாக், கோபோ என்று கம்பெனிகளே ரேஸுக்கென்று வண்டி விற்றிருக்கிறார்கள். அவற்றின் எண்ணைப் பற்றிப் பேசுவோமா?

பழைய கார்புரேட்டர்:
வேண்டாம். போன தடவை அந்தப் பேச்சை எடுத்து இழையைப் பூட்டும்படி ஆயிற்று.

கும்பகோணத்தான்:
கையேட்டைப் பார்த்தோம், 315 தான். ஈயம் கிடைக்கவில்லை, ஒரு எழுத்து மேலே போனோம். இரண்டாவது சுற்றில் பெரியவர் ரெட் லைட் (பச்சை விளக்குக்கு முன்பே கிளம்பித் தோல்வி). எல்லோருக்கும் நன்றி.

ராயபுரம் ராஜா:
சந்தோஷம் தம்பி. கடைசி வரை எந்த வருஷத்து கார் என்று சொல்லவே இல்லையே?