தாண்டிக்குடித் தோட்டத்தில் ஹேமக் கட்ட எந்த பெல்ட்?

குழு: தாண்டிக்குடி வீடு

நித்யா: மாமா, அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளோடு 24ஆம் தேதி வருகிறோம். இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிப் படுக்கிற தொங்கு படுக்கை, ஹேமக், ஒன்று வாங்கியிருக்கிறேன். அதோடு வந்த கயிறு சுண்டுவிரல் கனம்கூட இல்லை. மரத்தில் சுற்றத் தட்டையான பெல்ட் வேண்டும் என்கிறார்கள். இங்கே மதுரையில் ஒரு கடையில் கேட்டேன், நைலான்தான் பலம் என்றார். வாங்கிவிடவா?

ராசு மாமா: இப்போது வாங்காதே. களத்தில் காப்பிப் பழம் காய்கிறது, மேகம் வருவதற்குள் மூட வேண்டும். சாயங்காலம் விவரமாக எழுதுகிறேன்.

சரசு அத்தை: அந்தக் கயிற்றை மட்டும் எந்த மரத்திலும் கட்டாதே கண்ணு. போன வருஷம் தங்க வந்தவர்கள் துணி காயப்போட ஆரஞ்சு மரத்தில் கம்பியைச் சுற்றிவிட்டு அவிழ்க்காமலே போய்விட்டார்கள். கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. அதற்கு மேலே மரம் வீங்கி நிற்கிறது, கீழே ஒட்டிப்போயிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

செந்தில்: இலையில் தயாராகும் சாப்பாடு பட்டைக்கு உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்கும் அத்தை. அங்கே நெரித்தால் சாப்பாடு மேலேயே தேங்கிவிடும், வேர் பட்டினி கிடக்கும். அந்த வீக்கம் அதுதான். ஹேமக் கயிறு ஆள் ஆடும்போது அறுக்கவும் செய்யும்.

சரசு அத்தை: அதனால்தான் சொல்கிறேன். அகலமாக எதையாவது வாங்கி வரச் சொல்லுங்கள்.

ராசு மாமா: வந்துவிட்டேன். நித்யா, கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, நைலான் பலமானதுதான். ஆனால் நீளும். கிரேன் வேலையில் இருந்தபோது பளுவைச் சுற்றித் தூக்குகிற ஸ்லிங் பெல்ட் இரண்டு வகையும் கையாண்டவன் நான். அதற்குரிய முழு பாரத்தை ஏற்றினால் பாலியெஸ்டர் பெல்ட் 3 சதவீதம் போல நீளும். நைலான் 6 முதல் 10 வரை போகும். இயந்திரத்தைத் தூக்கும்போது சில இடத்தில் அந்த இளக்கம் நல்லது. படுத்துத் தூங்குகிறவருக்கு அது வேண்டாத வேலை.

ராசு மாமா: அப்புறம் ஈரம். நைலான் தண்ணீரைக் குடிக்கும். நனைந்தால் பலத்தில் பத்து, பதினைந்து சதவீதம் போய்விடும், இன்னும் இளகவும் செய்யும். மார்கழியில் இங்கே நாலு மணிக்கே மேகம் தோட்டத்துக்குள் இறங்கிவிடும், காலையில் வெயில் ஏறும்வரை சில்வர் ஓக் இலையெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் நைலானைக் கட்டிப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் முதுகு தரையைத் தேடும். பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். வெயிலும் தாங்கும். கேட்கும்போதே பாலியெஸ்டர் என்று கேள்.

நித்யா: வீட்டில் கட்டில் நாடா ஒரு ரோல் கிடக்கிறது மாமா. பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருக்கும். அது ஆகாதா?

ராசு மாமா: ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுக் கையை எடு. மேலே வந்து மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன். பாலியெஸ்டரும் நைலானும் முழுகிவிடும்.

நித்யா: மிதக்கிறது.

செல்வி மதினி: பள்ளிக்கூடப் பைகளின் வார் முக்கால்வாசி அதே சரக்குதான் நித்யா. பை தைக்க எனக்கு ரோல் ரோலாக வருகிறது. விலை குறைவு, கலர் நிறைய. புத்தகம் சுமக்கப் போதும், ஆளைத் தொங்கவிட நான் தைத்துத் தர மாட்டேன்.

சரசு அத்தை: [புகைப்படம்] மாடியில் கிடக்கிற நாடாக் கட்டில். இப்போதுதான் போய் எடுத்தேன். நகத்தால் சுரண்டினால் வெள்ளை மாவாகக் கொட்டுகிறது. ஓரத்து இழையெல்லாம் முடி மாதிரி நிற்கிறது.

ராசு மாமா: வெயில் தின்ற அடையாளம் அது. மலையில் உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். குளிர் அடிப்பதால் நமக்கு உறைப்பதில்லை, அந்த நாடாவுக்கு உறைக்கிறது. அதற்கென்று தனி மருந்து சேர்க்காத பாலிப்ரொப்பிலீன் வெளியில் கிடந்தால் இந்தக் கதிதான்.

செந்தில்: மாமா, என்னோடு டிரெக்கிங் வருகிற பையன் டைனீமா என்கிற இழையில் செய்த கயிறு வைத்திருக்கிறான். நூல் மாதிரி மெல்லிசு, நீளவே நீளாது என்கிறான்.

ராசு மாமா: நல்ல பொருள்தான். கிராம் கணக்குப் பார்த்து முதுகில் சுமக்கிறவருக்கு. ஆனால் ரொம்ப வழுக்கும், சாதாரண முடிச்சு நழுவும், 145 டிகிரி வாக்கில் உருகிவிடும். விலையும் அதிகம். காரில் வருகிறவளுக்கு எதற்கு?

நித்யா: லாரியில் பாரம் கட்டுகிற ராட்செட் பெல்ட் கிடைக்கிறது. லேபிளில் பாலியெஸ்டர் என்று இருக்கிறது. இழுத்து டைட் செய்யவும் வசதி.

ராசு மாமா: பெல்ட் சரி, லேபிள் நீலமாக இருக்கிறதா பார். ஐரோப்பிய முறைப்படி பாலியெஸ்டருக்கு நீலம், நைலானுக்குப் பச்சை, பாலிப்ரொப்பிலீனுக்குப் பழுப்பு. இழுத்து இறுக்குகிற அந்த ராட்செட்டைத்தான் தொடாதே. ஹேமக்கை டைட் செய்யவே கூடாது.

நித்யா: ஏன்? தொய்ந்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையுமே?

செந்தில்: நேர்மாறு அக்கா. தொய்வாகக் கட்டிக் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு நேராக இருக்கும். கணக்கும் பாருங்கள். 80 கிலோ ஆள், பெல்ட் 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவிசை. 10 டிகிரிக்கு டைட் செய்தால் அதே ஆளுக்கு ஒரு பக்கம் 230. 5 டிகிரியில் 459! பெல்ட்டுக்கும் அது கஷ்டம், மரத்துக்கும் கஷ்டம், கொக்கிக்கும் கஷ்டம்.

நித்யா: 30 டிகிரியை எதை வைத்து அளப்பது?

அப்பத்தா: [குரல் செய்தி]

சரசு அத்தை: அப்பத்தா பேசியது யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காது. தாத்தா ஓட்டுக்கூரை போடும்போது அடிக்கு இத்தனை அங்குலம் என்று சரிவு பார்ப்பார், அந்த மாதிரி பார்க்கக் கூடாதா என்கிறார்.

செந்தில்: பார்க்கலாம் அப்பத்தா! அடிக்கு ஏழு அங்குலம். பெல்ட் ஓர் அடி தள்ளிப் போவதற்குள் ஏழு அங்குலம் இறங்கினால் 30 டிகிரி.

செல்வி மதினி: ரோலாக பெல்ட் வாங்கினால் நுனியில் வளையம் தைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் பாதி பலம் போய்விடும் என்று வைத்துக்கொள். கட்டம் போட்டு நடுவில் குறுக்குத் தையல், பாலியெஸ்டர் நூல். என் மெஷின் இரண்டு அங்குல பெல்ட்டை இரண்டு மடிப்பாகத் தாங்காது, தார்ப்பாய் தைக்கிற மெஷின்தான் வேண்டும்.

ராசு மாமா: அதைவிட சுலபம் ஒன்று உண்டு. பளு தூக்கும் சாமான் விற்கிற கடையில் பாலியெஸ்டர் ஸ்லிங் பெல்ட் கேள். ஊதா நிறம் என்றால் 1 டன் தூக்கும். இரண்டு நுனியிலும் வளையம் தைத்தே வரும். இரண்டு அங்குல அகலத்தில், 3 மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்கு. மரத்தைச் சுற்றி ஒரு வளையத்துக்குள் மற்றதை விட்டு இழுத்தால் சுருக்கு விழும். அப்படிச் சுருக்காகக் கட்டும்போது 800 கிலோ என்றுதான் கணக்கு வைப்பார்கள், நமக்கு அது தாராளம். நீளம் மிஞ்சினால் மரத்தை இன்னொரு சுற்றுச் சுற்று. ஹேமக்கோடு வந்த கொக்கியில் எத்தனை கேஎன் (கிலோநியூட்டன், எவ்வளவு இழுவிசை தாங்கும் என்ற அளவு) என்று பொறித்திருக்கிறதா என்றும் பார். 1 கேஎன் சுமார் 100 கிலோ. எதுவும் பொறிக்காத கொக்கியைத் தூக்கிப் போடு.

நித்யா: சரி மாமா, அதையே வாங்குகிறேன். எந்த மரம் அத்தை?

சரசு அத்தை: களத்துக்கு மேலே இருக்கிற இரண்டு சில்வர் ஓக். நடுவில் 14 அடி இருக்கும். மற்றதில் எல்லாம் மிளகுக்கொடி ஏறிக் காய் பிடித்திருக்கிறது, பெல்ட் பட்டால் வேர் கழன்று கொடி தொங்கிவிடும். கல்யாண முருங்கைப் பக்கமே போகாதே. முள், அதோடு மெத்து மரம், பாரம் தாங்காது.

ராசு மாமா: சில்வர் ஓக்கில் பட்ட கிளை சொல்லாமல் முறியும். அந்த இரண்டிலும் மேலே காய்ந்தது எதுவும் இருந்தால் நீ வருவதற்குள் ஆள் ஏற்றி வெட்டிவிடுகிறேன்.

நித்யா: [புகைப்படம்] மாமா, வாங்கிவிட்டேன். ஊதா, நீல லேபிள், 1 டன், 3 மீட்டர். சரிதானே?

ராசு மாமா: சரியான சரக்கு. இனி வளையத்துத் தையலை மட்டும் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துப் போடு. நூல் எங்கேயாவது பிரிந்திருந்தால் நாளைக்கே மாற்றி வாங்கிக்கொள்ளலாம்.

சரசு அத்தை: வரும்போது வத்தலக்குண்டில் நிறுத்தித் தக்காளி இரண்டு கிலோ வாங்கி வா. இங்கே மலைவாழை மட்டும்தான் இருக்கிறது.