உவர்மலைப் பிள்ளைகளுக்கு எந்த பிரவுசர் போடலாம்?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உவர்மலையில் நாங்கள் நடத்தும் சிறிய வாசிப்பு நிலையத்துக்குக் கொஞ்சம் பழைய கணினிகள் கிடைத்திருக்கின்றன. எல்லாமே 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள்தான் பாவிக்கப் போகிறார்கள்.

குரோமையே போட்டுவிடு என்கிறார்கள் பலரும். எனக்கு மனம் வரவில்லை. எட்ஜ், ஒபேரா, பிரேவ் எல்லாம் பெயர்தான் வேறு. உள்ளே இருப்பது கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற அடிப்படை மென்பொருள்தான். மைக்ரோசொஃப்ட்டே 2020இல், எட்ஜில் இணையப் பக்கங்களைக் காட்டிவந்த சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு அதற்கு மாறிவிட்டது. ஒரே நிறுவனம் நினைத்தபடி இணையம் வளைவது நல்லதில்லை. 2000களின் தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கென்றே தளங்கள் செய்தார்களே, அந்த நிலை பிள்ளைகளுக்கு வேண்டாம். விண்டோஸில் மிஞ்சுவது கெக்கோ என்ற வேறு இயந்திரத்தில் ஓடும் பயர்பொக்ஸ். அதை உருவாக்கும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடல் ஒப்பந்தத்தில் வருகிறது என்பது உறுத்தல்தான், ஆனாலும் பயர்பொக்ஸின் இயந்திரம் தனி.

சரி, சிக்கல் இதுதான். பரீட்சை விண்ணப்பம் போடும் ஒரு தளத்தில், பயர்பொக்ஸில் எல்லாம் நிரப்பி ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால் அசையவே மாட்டேன் என்கிறது. குரோமில் உடனே போகிறது. குரோமை நிறுவாமல் இதைச் சமாளிக்க வழி உண்டா? அப்புறம், 4 ஜிபியில் பயர்பொக்ஸ் ஏழெட்டு டேப் தாங்குமா? விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளொக் ஒரிஜின் நீட்சியைச் சேர்த்தால் இலேசாகுமா? பழைய கணினியில் பாவித்துப் பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள்.