அட்டையை விரித்தால் தலைகீழ்ச் சிலுவை

பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழுவின் முதல் எல்பி இசைத்தட்டை நான் பார்த்தது தூத்துக்குடியில், கப்பல் வேலைக்குப் போய்வந்த சித்தப்பா வீட்டில். மேலட்டையில் இங்கிலாந்தின் மேப்பிள்டர்ஹம் என்ற ஊரிலுள்ள பழைய நீராலை, அதன் முன்னால் கறுப்பு அங்கி போர்த்திய ஒரு பெண். நிறமெல்லாம் காய்ச்சல்காரன் கண்ணுக்குத் தெரிவது மாதிரி திரிந்து கிடந்தது. அட்டையை விரித்தேன். உள்ளே பெரிதாக ஒரு தலைகீழ்ச் சிலுவை, அதற்குள் மழையில் தொடங்கும் ஒரு கவிதை. சர்ச்சிலேயே வளர்ந்தவன் நான். உடம்பு ஒரு நிமிஷம் சில்லிட்டுப் போனது உண்மை.

யார் வைத்தார்கள் அதை? வாசித்தவர்கள் இல்லை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்த அந்த இசைத்தட்டில் சிலுவையைத் தலைகீழாகப் போட்டது அதை வெளியிட்ட கம்பெனி. தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்று குழுவினரே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. குழுவின் நால்வரும் கழுத்தில் நேரான சிலுவை போட்டிருந்தார்கள். அதைச் செய்துகொடுத்தது பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் அப்பா. முதல் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள், இருட்டில் ஓர் உருவத்தைக் கண்டு பயந்தவன் கடவுளைக் கூப்பிடுகிறான். ஆனால் கச்சேரிகளுக்கு உண்மையிலேயே சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் தேடி வரத் தொடங்கினார்கள். சரக்கு விற்க ஒரு கம்பெனி போட்ட குறி அவர்கள் கழுத்தில் விழுந்தது.

சபையில் வாலிபர் கூடுகை நடத்துகிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன். புரொஜெக்டர் போட்டு ஒற்றைக் கண், முக்கோணம், ஆட்டுத்தலை, இல்லுமினாட்டி என்று பாட்டுலகின் சாத்தான் குறிகளை வரிசையாகக் காட்டுகிறோம். பிள்ளைகள் இரவில் தூங்காமல் கிடக்கிறார்கள், அவர்கள் அம்மாமார் எனக்குப் போன் செய்கிறார்கள். பேதுருவைத் தலைகீழாக அறைந்தார்கள் என்பது சபை மரபு, அந்தச் சிலுவைக்கு அவர் பெயரே உண்டு என்பதைக் கூடச் சொல்வதில்லை. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோவில் பிணங்கள் எழும்பி ஆடுவதைக் காட்டுகிறோம். 1983-இல் யெகோவா சாட்சியாக இருந்த அந்த மனிதர், இந்தப் படம் மாந்திரீக நம்பிக்கையை எந்த விதத்திலும் ஆதரிக்கவில்லை என்று வீடியோவின் முதலிலேயே எழுதிப் போட்டதை வெட்டிவிடுகிறோம். இது பொய்ச்சாட்சி.

பாட்டுலகில் மாந்திரீகமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ், அலெய்ஸ்டர் க்ரௌலி என்ற மந்திரவாதியைத் தேடித்தேடிப் படித்தவர். லாக் நெஸ் ஏரிக்கரையில் க்ரௌலி குடியிருந்த போலஸ்கின் வீட்டையே விலைக்கு வாங்கினார். 1971-இல் வந்த லெட் செப்பலினின் நான்காவது எல்பியின் மேலட்டையில் குழுவின் பெயரே கிடையாது. உள்ளே மலையுச்சியில் விளக்கேந்திய துறவி, குறி பார்க்கும் டாரட் சீட்டிலிருந்து எடுத்தது. குழுவினர் ஆளுக்கொரு குறியாக நான்கு குறிகள். இதெல்லாம் தெரிந்தே வைத்தது, பேஜ் ஒளிக்கவும் இல்லை.

அதற்கு முந்தைய வருஷம் வந்த மூன்றாவது எல்பியின் முதல் பதிப்பு யார் வீட்டிலாவது இருந்தால் விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் இருக்கும் வெற்று வளையத்தில் கையால் கீறிய எழுத்து தெரியும். உன் விருப்பப்படி செய் என்ற க்ரௌலியின் வாக்கியம் அது. எந்தப் புரொஜெக்டரிலும் இதை நான் பார்த்ததில்லை.