வளாகத்துக்குள் ஒரே நிறுவனத்தின் இணையக் கம்பி: மாற்று வழி உண்டா?

கேள்வி எழுப்பியவர்: கேளம்பாக்கம் வாசி

அனைவருக்கும் வணக்கம். கேளம்பாக்கத்துக்கு அருகில் 164 வீடுகள் கொண்ட அடுக்குமாடி வளாகம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இங்கே வீட்டு இணையம் வேண்டுமென்றால் ஒரே ஒரு நிறுவனத்திடம்தான் வாங்க முடியும். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதம் 999 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 1,179 ரூபாய். அதையும் மாதாமாதம் கட்ட விடுவதில்லை, ஆறு மாதத் தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

காலை ஆறு மணிக்குச் சோதித்தால் 94 எம்பிபிஎஸ் வருகிறது. இரவு எட்டு மணி தொடங்கிப் பதினொரு மணி வரை 9 முதல் 14 வரைதான் கிடைக்கிறது. என் மனைவி அமெரிக்காவில் உள்ள தம் குழுவினரோடு பேச வேண்டிய நேரமும் அதுவே. சென்ற மாதம் ஒரு நேர்காணலின் நடுவில் அவருடைய குரல் மூன்று முறை அறுந்து, மீதியைக் கைப்பேசி இணைப்பில் முடிக்க வேண்டியதாயிற்று. புகார் எண் வாங்கினால் மறுநாள் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து சோதிக்கிறார், அந்த நேரத்தில் வேகம் முழுதாக இருக்கிறது, புகார் முடித்துவைக்கப்படுகிறது. இப்படி ஏழு முறை நடந்துவிட்டது.

எங்கள் சுற்றுச்சுவரை அடுத்த தெருவில் தனி வீட்டில் இருக்கும் என் மைத்துனர் மாதம் 589 ரூபாய்க்கு 50 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கிறார். இரவிலும் அது குறைவதில்லை. அவர் தெருவில் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த நிறுவனங்களின் ஆட்களை எங்கள் வாயிலில் காவலாளிகள் திருப்பி அனுப்புகிறார்கள். கேட்டால், கட்டுமான நிறுவனம் ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருப்பதாகப் பராமரிப்பு அலுவலகம் சொல்கிறது. இத்தகைய ஒப்பந்தம் செல்லுமா? இரவு வேகம் குறைவதை ஏற்கத்தக்க முறையில் எப்படி நிறுவுவது? யாரிடம் முறையிட வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் 164 குடும்பங்களுக்கும் உதவியாக இருக்கும்.

பதில் 1: வலையமைப்புப் பொறியாளர்

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களே நிறையச் சொல்லிவிடுகின்றன. காலையில் 94 வருகிறதென்றால் உங்கள் வீட்டுக்கு வரும் கம்பியிலும் ரவுட்டரிலும் பழுதில்லை என்று பொருள். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் இணைப்பில், தரவை அனுப்பச் சேர்க்கப்படும் முகவரி போன்ற கூடுதல் குறிப்புகள் போக நிகரமாகக் கிடைக்கக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே நெரிசல் வீட்டுக்கு வெளியே, பலரும் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது.

அது எந்த இடம் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். பரவலாகப் பயன்படும் ஜிபான் ஃபைபர் அமைப்பில் ஒரு கம்பி ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ் தரவைக் கொண்டுவந்து, அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. 64 வீட்டினரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் பதிவிறக்கினாலும் ஒவ்வொருவருக்கும் 38 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைக்க வேண்டும். நடைமுறையில் எல்லோரும் ஒரே நொடியில் இறக்குவதும் இல்லை. உங்களுக்கு 9 தான் வருகிறதென்றால், வளாகத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்பு மிகக் குறைவாக வாங்கப்பட்டிருக்கிறது என்பதே என் கணிப்பு. 164 வீடுகளுக்கும் சேர்த்து ஒரு ஜிபிபிஎஸ் மட்டும் வாங்கியிருந்தால், எல்லோரும் பயன்படுத்தும் வேளையில் வீட்டுக்கு 6 எம்பிபிஎஸ்தான் பங்கு வரும். உங்கள் வளாகம் ஃபைபரில் இல்லாமல் மாடிக்கு மாடி சுவிட்ச் வைத்துச் செம்புக் கம்பி இழுத்த அமைப்பாக இருந்தாலும் முடிவு இதுவே.

இதை நிறுவ, வைஃபையில் எடுத்த சோதனை போதாது. உங்கள் வைஃபைதான் காரணம் என்று அவர்கள் எளிதில் சொல்லிவிடுவார்கள். மடிக்கணினியை லேன் கம்பியால் ரவுட்டரில் நேரடியாகச் செருகுங்கள், மற்றக் கருவிகளைத் துண்டியுங்கள், 14 நாட்கள் காலை ஆறு, மாலை நான்கு, இரவு ஒன்பது ஆகிய நேரங்களில் அளவெடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு சோதனை தேவை: ஒன்று அந்த நிறுவனத்தின் சொந்தச் சேவையகத்தை (வேகச் சோதனைத் தளம் தரவை எடுக்கும் சர்வர்) தேர்ந்தெடுத்து, மற்றொன்று வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தைத் தேர்ந்தெடுத்து. முதலாவது முழுதாகவும் இரண்டாவது குறைவாகவும் இருந்தால் குறை வெளியுலக இணைப்பில். இரண்டும் குறைந்தால் வளாகத்துக்கும் அவர்களுடைய மையத்துக்கும் இடையில். தானாகத் தேர்வாகும் சேவையகம் பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெவ்வேறு மாடிகளில் ஐந்தாறு வீட்டினர் ஒரே நேரத்தில் இதைச் செய்தால் அந்தப் பட்டியலை மறுக்க முடியாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006 இல் கொண்டுவந்த அகலக்கற்றை (பிராட்பேண்ட்) சேவைத் தர விதிமுறைகள், சந்தாதாரருக்கு ஒப்புக்கொண்ட வேகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்க வேண்டும் என்றும், நெரிசல் நேரத்தில் மேல் இணைப்பின், அதாவது நிறுவனத்தின் வலையிலிருந்து வெளியே செல்லும் இணைப்பின், பயன்பாடு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் அளவுகோல் வைத்தன. 2009 இல் வீட்டு இணைப்புகளில் பகிர்வு விகிதம் ஒன்றுக்கு ஐம்பதைத் தாண்டலாகாது, அதாவது ஒருவருக்கான அலைவரிசையை ஐம்பது பேருக்கு மேல் பகிரக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. தர விதிமுறைகள் 2024 இல் புதிதாக்கப்பட்டன. முறையீடு எழுதும்போது புதியவற்றைப் படித்து மேற்கோள் காட்டுங்கள்.

பதில் 2: நுகர்வோர் வழக்குகளில் ஈடுபடுபவர்

முறையீட்டைப் பொறுத்தவரை முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க விரும்புகிறேன். டிராய் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பதில்லை. 2012 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து எண் பெற வேண்டும். தீர்வு நிறைவளிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்ல வேண்டும். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இது கட்டணமில்லாத வழி. உங்கள் ஏழு புகார்களில் எதையும் மேல்முறையீட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை என்று தோன்றுகிறது. எட்டாவது புகாரில் அதைச் செய்யுங்கள், அளவீட்டுப் பட்டியலையும் இணையுங்கள்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே கொண்டுசெல்ல முடியாது என்ற கருத்து இன்னும் உலவுகிறது. 2009 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே அதற்குக் காரணம். 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றமே தனியார் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் வழக்கில் நுகர்வோர் ஆணையங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவாக்கிவிட்டது. நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாகையால் மனுக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவது நல்லது. சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. குடியிருப்போர் குழுவாகச் சேர்ந்தால் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தையும் அணுகலாம். டிராய் சட்டத்தின் 14 ஆம் பிரிவு நுகர்வோர் குழுவுக்கு அந்த வாய்ப்பைத் தருகிறது. ஆனால் தீர்ப்பாயம் புதுதில்லியில் இருக்கிறது, செலவையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் செல்லுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. 2017 ஜனவரியில் கட்டடங்களுக்குள் சேவை வழங்குவது குறித்து டிராய் அளித்த பரிந்துரைகளில், குடியிருப்பு வளாகங்களில் பிற நிறுவனங்களைத் தடுக்கும் தனியுரிமை ஒப்பந்தங்களை உரிம மீறலாகக் கருத வேண்டும் என்று சொல்லப்பட்டது. அது பரிந்துரையே அன்றிச் சட்டம் அன்று. 2024 இல் கட்டடங்களின் இணைய வசதிக்கு மதிப்பீடு வழங்கும் விதிமுறைகள் வந்தன. அவையும் கட்டாயப்படுத்துபவை அல்ல. என்னைக் கேட்டால் உங்கள் வலுவான பிடி வேறொரு சட்டத்தில் இருக்கிறது. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு பொதுப் பகுதிகளைக் கட்டுமான நிறுவனம் உரிமையாளர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. கம்பிகள் செல்லும் குழாய்த்தடம் பொதுப் பயன்பாட்டுக்கான பகுதி. அது சங்கத்தின் கைக்கு வந்த பிறகு, யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுக்க வேண்டியதும் சங்கம்தான் என்பது என் வாசிப்பு. ஒப்படைப்பு முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3: கோவை, முன்னாள் சங்கச் செயலாளர்

சரவணம்பட்டியில் 96 வீடுகள் கொண்ட எங்கள் வளாகத்திலும் இதே நிலைதான் இருந்தது. ஓராண்டு முழுவதும் நிறுவனத்தோடு வேகத்தைப் பற்றியே சண்டையிட்டு வீணாக்கினோம். பிறகுதான் நாங்கள் கேட்க வேண்டியது வேகத்தையோ விலையையோ அல்ல, குழாய்த்தடத்தின் சாவியை என்று புரிந்தது.

முதலில் அந்த ஒப்பந்தத்தின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்கினோம். நான்கு மாதம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தால், வளாகத்துக்குள் விளம்பரப் பலகை வைக்கும் உரிமை மட்டுமே அந்த நிறுவனத்துக்குத் தரப்பட்டிருந்தது. மற்றவர்களைத் தடுக்கும் வரி ஒன்றுகூட அதில் இல்லை. காவலாளிகள் அத்தனை காலமும் வாய்மொழி உத்தரவை நம்பி ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தையும் கண்ணால் பார்க்கும்வரை அது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதன் பிறகும் புதிய நிறுவனங்கள் ஓடிவரவில்லை. ஏற்கெனவே ஒருவர் பிடித்துவைத்திருக்கும் வளாகத்தில் பத்து வீடுகளுக்காகக் கம்பி இழுக்க யாரும் முன்வருவதில்லை. நாங்கள் வீடுவீடாகச் சென்று, இணைப்பை மாற்றத் தயாராக இருக்கும் 41 குடும்பங்களிடம் வீட்டு எண்ணோடு கையொப்பம் வாங்கினோம். அந்தத் தாளைக் காட்டியதும் இரண்டு நிறுவனங்கள் நேரில் வந்து இடத்தைப் பார்த்தன. பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, ஒவ்வொரு மாடியிலும் உள்ள பெட்டிவரை ஃபைபர் கம்பியைச் சங்கமே தன் செலவில் இழுத்தது. வீட்டுக்கு 2,200 ரூபாய் வீதம் 2,11,200 ரூபாய் ஆயிற்று. வாடகைக்கு இருப்பவர்களிடம் வாங்காமல் உரிமையாளர்களிடமே வாங்கினோம். கம்பி சங்கத்துடையது என்பதால் எந்த நிறுவனமும் தரைத்தளத்தில் உள்ள பெட்டியில் வந்து இணைத்துக்கொள்ளலாம். குடும்பம் நிறுவனத்தை மாற்ற விரும்பினால் கீழே ஒரு முனையைக் கழற்றி வேறொன்றில் செருகினால் போதும்.

ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் புதிய நிறுவனத்தின் ஆட்கள் மின்கம்பிகள் செல்லும் தடத்திலேயே தங்கள் கம்பியையும் இழுத்துவிட்டார்கள், நாங்களும் கவனிக்கவில்லை. பாதுகாப்புக்கு அது தகாது என்று மின்பணியாளர் சொன்ன பிறகு முழுவதையும் பிரித்து மறுபடி செய்தோம். யார் வேலை செய்தாலும் சங்கத்தின் சார்பில் ஒருவர் உடன் நிற்க வேண்டும்.

இரண்டாவது நிறுவனம் இணைப்புக் கொடுக்கத் தொடங்கிய ஐந்தாம் வாரத்தில் பழைய நிறுவனம் மாதக் கட்டணத்தைக் குறைத்தது. இரவு வேகமும் சீரானது.

பதில் 4: செங்கல்பட்டு, கேபிள் தொழில் செய்பவர்

தொழிலில் இருப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்கிறேன். வளாகத்துக்குள் நுழைவதற்குச் சில கட்டுமான நிறுவனங்கள் எங்களிடம் பெரிய தொகை கேட்கின்றன. சாலையை வெட்ட அனுமதி, வெட்டிய இடத்தைச் சீரமைக்கக் கட்டணம் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தால், அந்தப் பணத்தை மீட்க இரண்டே வழிதான் உண்டு: கட்டணத்தை ஏற்றுவது, மேல் இணைப்பைக் குறைத்து வாங்குவது. உங்கள் வளாகத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அதனால் உங்கள் சங்கம் புதியவர்களிடம் நுழைவுப் பணம் கேட்காதீர்கள். சங்கத்துக்கு வருமானம் என்று தோன்றும், ஆனால் அதைக் கட்டப்போவது குடியிருப்பவர்கள்தான்.

வழித்தடத்தைப் பகிர்வது புதிய கோரிக்கையும் அன்று. செம்புக் கம்பியை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று 2004 இலேயே டிராய் பரிந்துரைத்தது. அவ்வாண்டு வந்த அகலக்கற்றைக் கொள்கை அதைக் கட்டாயமாக்காமல் நிறுவனங்களின் பரஸ்பர உடன்பாட்டுக்கு விட்டுவிட்டது. பிரிட்டனில் 2006 இல் பிடி என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகளைக் கவனிக்க ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவை அமைத்து, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நிபந்தனையில் கொடுக்கச் செய்தார்கள். கோவை அன்பர்கள் 96 வீடுகளுக்குள் செய்திருப்பதும் அதே ஏற்பாடுதான். சிறு நிறுவனங்களான எங்களுக்கும் அதுவே நல்லது.

இடைக்கால ஏற்பாடாக 5ஜி வழியே வரும் கம்பியில்லா வீட்டு இணையத்தை உங்கள் மனைவியின் வேலைக்குப் பயன்படுத்தலாம். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ ஒரு சிறு கருவி பொருத்த வேண்டும், அதற்குக் குழாய்த்தடம் தேவையில்லை. ஆனால் கோபுரம் அருகில் இருந்து, அதன் மீது சுமை குறைவாக இருந்தால்தான் அது நன்றாக ஓடும். இரவு நெரிசல் அங்கேயும் வரக்கூடும். ஆறு மாதப் பணம் கட்டாமல் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேளம்பாக்கம் வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆறு வீட்டினர் சேர்ந்து 14 நாட்கள் அளவெடுத்தோம். இரவு ஒன்பது மணிக்கு ஆறு வீட்டிலும் நிறுவனத்தின் சொந்தச் சேவையகத்துக்கு 90க்கு மேல் காட்டுகிறது, வெளிச் சேவையகத்துக்கு 8 முதல் 15 வரை. மேல்முறையீட்டு அலுவலருக்கு இந்தப் பட்டியலோடு எழுதிவிட்டோம், பதில் இன்னும் வரவில்லை.

பொதுப் பகுதிகள் சென்ற ஆண்டே சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. குழாய்த்தடச் சாவி மட்டும் இன்னும் கட்டுமான நிறுவனத்தின் பராமரிப்பு அலுவலகத்தில் இருக்கிறது. ஒப்பந்த நகலை எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம். இணைப்பை மாற்றுவதற்கு இதுவரை 58 குடும்பங்கள் கையொப்பமிட்டுள்ளன. பொதுக்குழு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. கோவை அன்பர் தங்கள் தீர்மானத்தின் வாசகத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.

கோவை, முன்னாள் சங்கச் செயலாளர்

எங்கள் பதிவேட்டில் உள்ளபடியே தருகிறேன்: "வளாகத்தின் பொதுக் குழாய்த்தடங்களும் அவற்றின் சாவிகளும் சங்கத்தின் பொறுப்பில் இருக்கும். உரிமம் பெற்ற எந்த இணையச் சேவை நிறுவனமும், நுழைவுக் கட்டணம் இன்றி, எல்லோருக்கும் பொதுவான ஒரே நிபந்தனைகளின்படி அவற்றைப் பயன்படுத்தலாம். எந்த நிறுவனத்துக்கும் தனியுரிமை வழங்கும் உடன்படிக்கையைச் செயற்குழு பொதுக்குழுவின் ஒப்புதலின்றிச் செய்யக் கூடாது." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், எங்கள் முதல் வரைவில் அது இல்லை, ஒரு மூத்த உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நின்று சேர்க்கச் சொன்னார். சாவியை யாரிடமிருந்து யார் பெற்றுக்கொண்டார் என்பதையும் தேதியோடு பதிவேட்டில் எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.