3 அடி மீன் தொட்டியை வேளச்சேரியிலிருந்து அண்ணா நகருக்கு மாத்தணும், உதவி தேவை

வேளச்சேரி ஏஞ்சல்:
வர்ற ஞாயிறு வீடு மாறுறோம். தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே 4 ஏஞ்சல், 6 மோலி, 2 முத்து கௌராமி, 7 அங்குலத்துல ஒரு சக்கர் மீன். தொட்டிக்கு வெளியே வைக்கிற, மூடின டப்பா மாதிரியான கேனிஸ்டர் ஃபில்டர், அடியில 20 கிலோ கல். பாதித் தண்ணியோட அப்படியே தூக்கிடலாம்னு வண்டி ஆட்கள் சொல்றாங்க. செய்யலாமா? பழைய தண்ணி முழுசும் கூடவே போகணுமா?

கொளத்தூர் தொட்டிக்காரர்:
தூக்கவே விடாதீங்க தம்பி. அந்த அளவுத் தொட்டி விளிம்பு வரைக்கும் 190 லிட்டர் பிடிக்கும். பாதின்னாலும் 95 கிலோ, அதுக்கு மேல கல், கண்ணாடி. சாய்ச்சா தண்ணி ஒரு பக்கமா ஓடி, மொத்தப் பாரமும் அடிக்கண்ணாடியிலயும் சிலிகான் ஒட்டுலயும் இறங்கும். அப்பவே உடையணும்னு இல்ல. ரெண்டு நாள் கழிச்சு மூலையில கசியும்.

வரிசை முக்கியம். முதல்ல செடி, கட்டை, ஹீட்டர் எல்லாம் வெளியே. பிறகு தெளிஞ்ச தண்ணியை 20 லிட்டர் கேன்கள்ல இறக்குங்க. மூணுல ஒரு பங்கு மிஞ்சும்போது மீனைப் பிடிங்க. நிறைஞ்ச தொட்டியில வலையோட துரத்தினா பாதி உயிர் அங்கேயே போயிடும். கல்லைக் கிளறுறது மீன் வெளியே வந்த பிறகுதான், அடியில அடைஞ்ச கழிவு மேல வந்தா அது நஞ்சு.

காலித் தொட்டியை அடியில கை கொடுத்துத் தூக்கணும், மேல் பட்டையைப் பிடிச்சு இல்ல. குட்டி யானையில ஒரு அங்குல தெர்மாகோல் மேல நிமிர்த்தி வைங்க. அதுக்குள்ள தலையணை, பாத்திரம் எதுவும் அடைக்கக் கூடாது.

மடிப்பாக்கம் மோலி:
பழைய தண்ணியைவிட ஃபில்டரைப் பத்திரமாக் கொண்டுபோங்க. மீன் கழிவுல வர்ற அம்மோனியாங்கிற நஞ்சைத் தின்னும் பாக்டீரியா தண்ணியில கொஞ்சம்தான் இருக்கும். ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், கல் மேலதான் குடியிருக்கும். அதுக்கு ஆக்சிஜன் ஓயாம வேணும். கேனிஸ்டரை மூடியபடியே வண்டியில வெச்சா உள்ளே இருக்கிற ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து பாக்டீரியா செத்துடும். அங்க போய் ஃபில்டரை ஆன் பண்ணினா அந்த அழுகல் தண்ணி நேரா மீன் மேல பாயும்.

அதனால மீடியாவை, அதாவது அந்த ஸ்பாஞ்ச், வளையத்தை எடுத்து மூடியில ஓட்டை போட்ட வாளியில போடுங்க. முழுக வேண்டாம், தொட்டித் தண்ணியில நனைஞ்சு ஈரமா இருந்தாப் போதும். குழாய்த் தண்ணியில கழுவக் கூடாது, குளோரின் கொன்னுடும். கல்லையும் பழைய தண்ணியிலேயே அலசி, ஈரத்தோட எடுத்துட்டுப் போங்க.

கொளத்தூர் தொட்டிக்காரர்:
மீன் பேக்கிங்: முந்தின நாள்லேர்ந்தே தீனி நிறுத்துங்க, வயிறு காலியா இருந்தா பையில கழிவு குறையும். மீன் கடையில சொன்னா ஆக்சிஜன் அடிச்சுத் தருவாங்க. மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் வாயு. கௌராமி மேல வந்து காத்தையும் குடிக்கிற மீன், அதுக்குச் சாதா காத்து போதும். சக்கர் மீனை வலையில பிடிச்சா முள் சிக்கும், மக்குல அள்ளி மூடி போட்ட வாளியில தனியா விடுங்க. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கையில இருக்கட்டும்.

நம்ம ஊர் வெயில்ல தண்ணி சூடேறினா அதுல கரையிற ஆக்சிஜன் குறையும். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில வெச்சு காலை 7 மணிக்கு முன்னாடி கிளம்பிடுங்க. மீன் சாமான் வண்டியில வேண்டாம், காருல உங்க கூட வரட்டும்.

வேளச்சேரி ஏஞ்சல்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்னொரு சிக்கல். இங்க மெட்ரோ தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு) 400. புது வீட்ல போர் தண்ணி, 1100 காட்டுது. தொட்டியில வழக்கமா நிக்கிறது 170 லிட்டர். எப்படி நிரப்புறது?

மடிப்பாக்கம் மோலி:
அப்படின்னா பழைய தண்ணி உங்களுக்குக் கட்டாயம் வேணும், பாக்டீரியாவுக்காக இல்ல, உப்பு அளவு திடீர்னு மாறாம இருக்க. 5 கேன்ல 100 லிட்டர் எடுத்துக்கங்க. மிச்ச 70 லிட்டருக்கு 30 லிட்டர் போர் தண்ணி, 40 லிட்டர் குடிதண்ணி கேன், அதாவது 2 கேன். கேன் தண்ணி டிடிஎஸ் 60 சுமாரா இருந்தா கலவை 500 கிட்ட வரும், மொத்தத் தொட்டி 450க்குள்ள நிக்கும். மீட்டர் வெச்சு அளந்துட்டே ஊத்துங்க. ஆர்ஓ கழிவுக் குழாய்த் தண்ணி ஆகாது, அதுல உப்பு இன்னும் கூடுதல்.

பிறகு வாரம் 34 லிட்டர் மாத்தும்போது போர் தண்ணிப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. மோலிக்குக் கடினத் தண்ணி பிடிக்கும். ஏஞ்சலுக்குத்தான் பொறுமை வேணும்.

பி.எச்சும், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மையும், சொட்டு டெஸ்ட் மருந்துல பாருங்க. போர் தண்ணியில அது கூடுதலா இருக்க வாய்ப்பு அதிகம். பி.எச் ஒண்ணு ஏறினா அம்மோனியாவோட நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். ஃபில்டரைப் பத்தி இவ்வளவு வற்புறுத்தினது இதனாலதான்.

கொளத்தூர் தொட்டிக்காரர்:
அங்க போனதும் ஸ்டாண்டை ரசமட்டம் வெச்சுப் பாருங்க, கீழே தெர்மாகோல் போடுங்க. மூணுல ஒரு பங்கு நிரப்பி ஒரு மணி நேரம் கசிவு பாருங்க. அதுக்கப்புறம்தான் கல், மிச்சத் தண்ணி, ஃபில்டர். பையை 20 நிமிஷம் மிதக்கவிட்டு மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க, பைத் தண்ணியைக் கொட்டிடுங்க.

அன்னிக்கு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். ஒரு வாரம் தினமும் அம்மோனியா டெஸ்ட். 0.5 ppm தாண்டினா உடனே கால் பங்கு தண்ணி மாத்துங்க. தண்ணி பால் மாதிரி கலங்கினா ஃபில்டரைக் கழுவப் போயிடாதீங்க. ஏர் பம்பைக் கூட்டி வெச்சு, தீனியை இன்னும் ரெண்டு நாள் நிறுத்துங்க.