துறைமுக இழுவைப் படகால் ஆழ்கடலில் ஏன் அதே வேலையைச் செய்ய முடிவதில்லை?

முகத்துவாரவாசி:
வணக்கம். எங்கள் மொட்டைமாடியில் நின்றால், கொழும்புத் துறைமுகத்தின் இழுவைப் படகுகள் மலைபோன்ற கொள்கலன் கப்பல்களைத் தள்ளித் திருப்புவது தெரியும். அப்படியிருக்க, 2021இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கொள்கலன் கப்பலை ஆழ்கடலுக்கு இழுக்க முடியாமற்போனது ஏன், இழுவை வலு போதவில்லையா என்று என் மருமகன் கேட்டான். எண்ணெய் துளையிடும் மேடைகளுக்குப் பணிசெய்யும் இழுவைப் படகுகள் வேறு வகையா?

பழைய தளப்பணியாளன்:
ஐயா, நான் வளைகுடாவில் துளையிடும் மேடைகளின் நங்கூரங்களைக் கையாளும் இழுவைப் படகொன்றில் சில காலம் இருந்தவன். இழுவை வலுவைச் சொல்லும் தொன் கணக்கை மட்டும் பார்த்து எடைபோட வேண்டாம். படகைக் கரையிலுள்ள கட்டுத்தூணில் பிணைத்து, நின்ற நிலையில் முழு விசையுடன் இழுக்கவைத்து அளந்த எண் அது. படகு ஓடத் தொடங்கியதும் இழுப்பதற்கு மிஞ்சும் விசை குறைந்துவிடும். துறைமுகத்தில் நீர் அமைதியாக இருப்பதால் குட்டையான கயிறு போதும். திறந்த கடலிலோ அலை இரு கலங்களையும் வெவ்வேறு நேரத்தில் தூக்கிப்போடும். குட்டைக் கயிறு வெடுக்கென இறுகி அறுந்துபோகும். அதனால் நாங்கள் மணிக்கட்டுப் பருமனுள்ள எஃகு வடத்தைப் பல நூறு மீற்றர் நீளத்துக்கு விடுவோம். தன் பாரத்தாலேயே நீருக்குள் தொய்ந்து கிடக்கும் அந்த வடம், அலை இழுக்கும்போது நிமிர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இறுகும் வடத்திலிருந்து கிறீஸ் பிதுங்கித் தெறிப்பதைக் கண்டால், தளத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது எங்கள் செராங்கின் (தளப்பணியாளர் தலைவரின்) கட்டளை.

கொட்டாஞ்சேனை வாசகர்:
எக்ஸ்பிரஸ் பேர்ள் விடயத்தில் பழியை இழுவைப் படகின்மீது போடுவது நியாயமன்று. மே 20இல் தீப்பற்றிய அக்கப்பலை ஜூன் 2இல் இழுக்கத் தொடங்கியபோது, அதன் பின்பகுதிக்குள் ஏற்கெனவே நீர் புகுந்திருந்தது. ஏறத்தாழ 21 மீற்றர் ஆழத்தில் அது கடற்படுகையில் தட்டி நின்றுவிட்டது. மிதக்காத கப்பலை எத்தனை தொன் விசையாலும் இழுத்துச் செல்ல இயலாது. 2020 செப்டெம்பரில் இலங்கையின் கிழக்கே சங்கமன்கண்டிக்கு அப்பால் எரிந்த நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல், ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெயுடன் இருந்தும், மிதந்துகொண்டிருந்ததால் கரையிலிருந்து விலக்கி இழுத்துச் செல்லப்பட்டது.

முகத்துவாரவாசி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் இழுவைப் படகுக்கே ஆபத்து வருவது எப்போது?

பழைய தளப்பணியாளன்:
வடம் பின்புறமாக இருக்கும்வரை பயமில்லை. பக்கவாட்டுக்குத் திரும்பினால் அதே விசை படகைக் கவிழ்த்துவிடும். 2007 ஏப்ரல் 12இல் ஸ்கொட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே, துளையிடும் மேடையொன்றின் நங்கூரத்தைக் கையாண்டுகொண்டிருந்த பூர்போன் டொல்பின் என்ற படகு இவ்வாறுதான் கவிழ்ந்தது. அதில் இருந்த 15 பேரில் 8 பேர் மாண்டனர். அதன் இழுவிசை 180 தொன். துறைமுகப் படகுகளில் பெரும்பாலானவற்றைவிட இரு மடங்குக்கும் அதிகம். அவசரமாக வடத்தை விடுவிக்கும் பொறி இருந்தாலும், நங்கூரத்தின் பாரச் சங்கிலி உடனே ஓடிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே வடம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மாலுமி மாடத்திலிருந்து ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் படகில் அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பதுகூட வேறொருவரின் வேலை.