வரி போக மிஞ்சும் சம்பளத்துக்கு ஆங்கிலத்தில் எந்த வார்த்தை?

கொழிஞ்சாம்பாறை அப்பா:
கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். மகள் வெளிநாட்டுக் கல்லூரிக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் நிரப்புகிறாள். ஒரு கட்டத்தில் 'நெட் இன்கம்' என்றும் அதற்குக் கீழே 'டிஸ்போசபிள் இன்கம்' என்றும் கேட்கிறார்கள், இரண்டுமே ஆண்டுக் கணக்கு. என் சம்பளச் சீட்டில் கிராஸ் 32,000, பி.எஃப். 1,800 பிடித்தம் போக 30,200 வருகிறது. ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் பஞ்சாயத்துக்குத் தொழில் வரி 1,250 பிடிப்பதால் அந்த மாதங்களில் 28,950தான். வருமான வரி பிடிப்பதில்லை. எதை எங்கே எழுதுவது? நான் தமிழ் மீடியம், என் தப்பால் பிள்ளையின் வாய்ப்பு போய்விடக் கூடாது.

வாளையார் லாரிக்காரர்:
அண்ணா, எடைமேடைச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். லோடோடு நிறுத்தினால் கிராஸ், காலி வண்டி டேர், கழித்தால் நெட். சம்பளத்திலும் அதேதான், நெட் என்றால் கழித்தது போக நிற்பது. ஆனால் எதைக் கழித்தார்கள் என்பதை அந்த வார்த்தை சொல்லாது, கேட்பவரிடம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சித்தூர் டீச்சர்:
அவர் சொன்னது சரி. உங்கள் சீட்டில் குழப்பம் பி.எஃப்.பால் வருகிறது. அது வரி இல்லை, பின்னால் உங்களுக்கே திரும்பி வரும் பணம். அதனால் 'ஆஃப்டர் டாக்ஸ் இன்கம்' வேறு, 'டேக் ஹோம் பே' வேறு. வரியை மட்டும் கழித்தால் முதலாவது, பி.எஃப்., சொசைட்டிக் கடன் எல்லாம் போகக் கணக்கில் ஏறுவது இரண்டாவது. நாம் சொல்லும் 'இன் ஹேண்ட்' இந்த ஊர் வழக்கு, அங்கே டேக் ஹோம் என்று எழுதினால்தான் சட்டென்று புரியும்.

டிஸ்போசபிள் என்றதும் தூக்கி எறியும் டம்ளர் ஞாபகத்துக்கு வரும், இங்கே அந்தப் பொருள் இல்லை. வரி கட்டிய பிறகு செலவழிக்கவோ சேர்த்து வைக்கவோ நம் இஷ்டத்துக்கு விட்ட பணம். அரிசி, வாடகை, கரண்ட் பில் எதையும் அதில் கழிக்கக் கூடாது, பலர் இங்கேதான் தவறுகிறார்கள். அவையும் போக மிஞ்சுவதற்கு 'டிஸ்க்ரிஷனரி இன்கம்' என்று தனி வார்த்தை இருக்கிறது.

உங்கள் கணக்கு: ஆண்டுக்கு 3,84,000. தொழில் வரி 2,500 போக 3,81,500, அதை டிஸ்போசபிள் கட்டத்தில் போடலாம். பி.எஃப். 21,600ஐயும் கழித்தால் 3,59,900, அது டேக் ஹோம். நெட் கட்டத்தில் இதை எழுதி, வரியும் பி.எஃப்.பும் போக என்று பக்கத்திலேயே குறிப்பு போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் விண்ணப்பத்தின் விளக்கப் பக்கத்தை மகளோடு உட்கார்ந்து ஒரு தடவை படியுங்கள். அவர்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. அப்புறம், 'ஹவுஸ்ஹோல்ட்' என்று இருந்தால் வீட்டில் எல்லோருடைய வருமானமும் சேரும்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:
ரொம்ப நன்றி டீச்சர். ஹவுஸ்ஹோல்ட் என்றுதான் இருக்கிறது. வீட்டுக்காரி இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள், அந்தக் காசை முழுசாகக் காட்ட வேண்டுமா?

சித்தூர் டீச்சர்:
பால் காசு முழுவதும் கிராஸ். தீவனம், வைக்கோல், மாட்டு டாக்டர் செலவு போக நிற்பதுதான் அவர் நெட் வருமானம், அதைச் சேருங்கள். சொசைட்டி பாஸ்புக்கையும் தீவன பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம்.